மாப்பிள்ளை வீட்டு மலை

"மலை ஆரின்ரை பேரிலை இருக்கு?" என்று நடராஜா அண்ணை கேட்டார்.

கேட்டது என்னிடம். ஏனென்றால் மலை என் வீட்டு முன்னறையில்தான் இருந்தது, என் மகன் யூனிவர்சிட்டிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில். அரிசோனாவில் ஒரு பாலைவனத்தின் விளிம்பில், வானிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் கூரையில் பூட்டிய கேமரா நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தது. கீழே முள்ளுப் பற்றைகள் முளைத்த ஒரு பள்ளத்தாக்கு. அதற்கப்பால் மரமில்லாத ஒரு மலைத்தொடர். மிச்சம் முக்கால்வாசியும் வானம்.

"அரசாங்கத்தின்ரையாய் இருக்கும், அண்ணை."

"அப்ப மாப்பிள்ளைப் பெடியனுக்கு ஒண்டும் இல்லை" என்றார் அவர், ஒரு வழக்கைத் தீர்த்துவைத்த திருப்தியோடு.

நடராஜா அண்ணை தெற்கு லண்டனில், மோர்டனில் இருப்பவர். பழைய மாணவர் சங்கத்தின் தலைவர், ஒரு கோயில் சபையின் உபதலைவர், வேறு இரண்டு அமைப்புகளுக்குப் போஷகர். போஷகருக்கு என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன். அது வேலை இல்லை, பொறுப்பு என்று விளக்கினார். டூட்டிங்கில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் நாகேஸ்வரி அவருடைய தங்கை. நாகேஸ்வரியின் கணவர் இறந்து பன்னிரண்டு வருடம். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கான முடிவுகளை நடராஜா அண்ணை எடுப்பார். அதன் விளைவுகளை நாகேஸ்வரியும் மகள் துளசியும் எடுத்துக்கொள்வார்கள்.

துளசிக்கு அப்போது முப்பத்தொரு வயது. உள்ளூராட்சிக் கவுன்சிலில் வேலை. 2006 ஜூலையில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெடியன் பெயர் திருமாறன், தாய் கனடாவில், இவன் படித்து முடித்து அரிசோனாவில் இடிமழைகளை ஆராய்ந்துகொண்டிருந்தான். சாதகம் பத்துக்கு ஏழு பொருந்தியது. படங்கள் போய் வந்தன. துளசியும் அவனும் ஒருதரம் போனில் பேசினார்கள். வழக்கமாக இந்த இடத்தில் பெடியன் 'சமைக்கத் தெரியுமோ' என்று பகிடி மாதிரிக் கேட்பான். இவன் வேறு விதமாகச் சொன்னானாம்:

"கிட்டடியிலை உள்ள டவுன் நாப்பது மைல். இஞ்சை வந்திருக்கிறது லேசில்லை. எங்கடை கேமராவின்ரை விலாசம் அனுப்பிறன். ஒரு கிழமை பாருங்கோ. உங்கடை பின்னேரம்தான் எங்கடை மத்தியானம். காலமை நான் அண்டைக்கு என்ன நடக்குமெண்டு எழுதிறன், பேந்து என்ன நடந்ததெண்டு எழுதிறன். நான் நாள் முழுக்கச் செய்யிறது அதுதான். ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன், முடிவைச் சொல்லுங்கோ."

நாகேஸ்வரி வீட்டில் இன்டர்நெட் இல்லை. அப்படித்தான் மலை என்னிடம் வந்தது.

இதில் சிக்கல் மலை இல்லை. நடராஜா அண்ணை தயாரித்துக் கனடாவுக்கு அனுப்பிய பயோடேட்டாவில், துளசியின் பெயருக்கும் உயரத்துக்கும் கீழே, 'திருமணமாகாதவர்' என்று ஒரு வரி இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் துளசிக்குக் கலியாணம் நடந்தது. கலியாண ஹோல் எடுத்து, அறுநூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, நடராஜா அண்ணை தமிழர் திருமண மரபு பற்றி நாற்பது நிமிடம் பேசி, அதனால் சோறு ஆறி நடந்தது. மாப்பிள்ளையை ஜெர்மனியிலிருந்து தேடிப் பிடித்தவரும் அவரே. "ஆளை நான் விசாரிச்சிட்டன், குடும்பத்தை எனக்கு மூண்டு தலைமுறையாத் தெரியும்" என்றார். அந்த ஆளுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவியும் ஒரு குழந்தையும் இருந்தது மட்டும் அந்த மூன்று தலைமுறைக்குள் வரவில்லை. பதினாலு மாதத்தில் துளசி ஒரு சூட்கேசோடு திரும்பி வந்தாள். பிறகு கோர்ட், விவாகரத்து.

அதற்குப் பிறகு அந்தக் கலியாணம் நடக்கவில்லை. அப்படித்தான் தீர்மானம். அல்பம் எங்கே போனதென்று தெரியாது. வீடியோ கசெட்டுக்கு மேல் நாகேஸ்வரி ஒரு டிவி நாடகத்தைப் பதிவு செய்துவிட்டாள். சாப்பிட்ட அறுநூறு பேரும் சாப்பிட்டதை மறந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு நாலு பேர் ஒரு கூட்டத்தின் அறிக்கையில் ஒத்துப்போவது கடினம். ஆனால் இப்படி ஒரு காரியத்துக்கு அறுநூறு பேரும் ஒரே குரல். நானும் அதில் ஒரு குரல். கனடாவிலிருந்து பெடியனின் தாய் பக்கத்து வீட்டுக்காரனென்று என்னைப் போனில் கூப்பிட்டு "பிள்ளை எப்பிடி, யாக்கோப்பு அண்ணை?" என்று விசாரித்தபோது, "தங்கமான பிள்ளை" என்று சொல்லிவிட்டு வேகமாக லண்டன் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

வெயில் அந்த வருடம் பேசக்கூடியதாகத்தான் இருந்தது. தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் விடக்கூடாதென்று தடை. அப்பர் டூட்டிங் ரோட்டில் கடைக்காரர்கள் கீரைக்கு நீர் தெளித்துத் தெளித்து அலுத்துப்போனார்கள். அந்தப் புழுக்கத்தில், திங்கட்கிழமை மாலை ஏழரைக்கு, நாகேஸ்வரி, துளசி, நடராஜா அண்ணை, நான், என் மனைவி மாலினி ஐந்து பேரும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து மலை பார்த்தோம்.

"ஒரு சனத்தையும் காணேல்லை" என்றாள் நாகேஸ்வரி.

"கேமரா மேலை பாக்குது, அம்மா."

"கீழை பாத்தாலும் இராது போலை கிடக்கு. கோயில் ஒண்டும் தெரியேல்லை."

முதலில் மலைமுகட்டின் மேல் சவர நுரையைத் தொட்டுவைத்தது போல நாலைந்து வெள்ளைப் பொட்டு. நடராஜா அண்ணை ஒரு மட்டன் றோல்ஸ் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவற்றில் மூன்று கரைந்துவிட்டன, ஒன்று நின்றது. நின்றது வளர்ந்தது. படம் நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவதால் அது வளர்வதை நாங்கள் பார்க்கவில்லை, வளர்ந்திருப்பதைத்தான் பார்த்தோம். காலிபிளவர் மாதிரித் தலைக்கு மேல் தலை. அரை மணித்தியாலத்தில் அது மலையைவிட இரண்டு மடங்கு உயரம். பிறகு உச்சி எதிலோ முட்டியது போலத் தட்டையாகிப் பக்கவாட்டில் பரவியது. வெள்ளையாயிருந்த அடிப்பக்கம் இருண்டு, அதிலிருந்து ஒரு சாம்பல் திரை இறங்கத் தொடங்கியது.

"இந்தா, கொட்டப்போகுது" என்றார் நடராஜா அண்ணை. "மழையைப் பற்றி எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை."

திரை பாதி வழி இறங்கி நின்றது. பள்ளத்தாக்கில் அதே வெயில், அதே புழுதி. பத்து நிமிடம் கழித்து மேகத்தையே காணவில்லை.

துளசி மெயிலைத் திறந்து வாசித்தாள். அவன் இங்கிலீசில் எழுதுவான். நான் தமிழில் சொல்கிறேன். "பள்ளத்தாக்கில் மழை பெய்யும் என்று காலையில் எழுதினேன். பிழை. மழை விழுந்தது, நிலத்துக்கு வரமுன் காய்ந்துவிட்டது. கீழ்க்காற்று நான் நினைத்ததைவிட வறண்டது. காலையில் காற்றை அளக்க விட்ட பலூன் அதைக் காட்டியிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை."

"நான் மழை பெய்யுது எண்டுதானே சொன்னனான்" என்றார் நடராஜா அண்ணை. "நிலத்திலை பெய்யுது எண்டு எங்கை சொன்னனான்?"

செவ்வாய்க்கிழமை பெரிய புயல் வரும் என்று எழுதியிருந்தான். ஒன்றும் வரவில்லை. வானம் முழுக்கப் பழைய பெட்சீற் விரித்தது போல மங்கிய மேகம். "பிழை. முதல் நாள் ராத்திரி தெற்கே அடித்த புயலின் மேகம் கலையாமல் மிஞ்சியிருந்தது. அது வெயிலை மறைத்ததால் நிலம் சூடாகவில்லை." புதன்கிழமை அவன் சொன்னபடியே சொன்ன நேரத்துக்கு மழை மலையை விட்டிறங்கிப் பள்ளத்தாக்கை மூடியது. நாகேஸ்வரி கைதட்டினாள். ஆனால் மெயில் இப்படி வந்தது: "முடிவு சரி. நான் சொன்ன காரணம் பிழை. அதனால் இதைச் சரியென்று எடுக்கமுடியாது."

நடராஜா அண்ணைக்கு இது தாங்கமுடியவில்லை. "விசரனோ இவன்? சரியா வந்ததையும் பிழை எண்டுறான்! ஒவ்வொரு நாளும் பிழை விடுறவனை எப்பிடி வேலையிலை வைச்சிருக்கிறாங்கள்? அப்பிடி விட்டாலும் எழுதிக் குடுப்பானோ ஒருத்தன்?"

அன்றே கனடாவுக்குப் போன் போட்டு, பெடியனின் வேலை நிரந்தரமா என்று விசாரித்தார். நிரந்தரம் என்றார்களாம். ஒரு நிர்வாகசபையும் இல்லாத இடம்போல என்று எனக்குச் சொன்னார்.

வியாழக்கிழமை மாலினிக்குப் பின்னேர ஷிப்ட். நாகேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்தாள். நடராஜா அண்ணைக்கு எங்கோ பொன்னாடை. போர்த்தவா, போர்த்தப்படவா என்று நினைவில்லை. துளசி வேலையால் நேரே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு இரண்டு மேகம். வடக்கே ஒன்று முந்தி வளர்ந்து, முந்திக் கறுத்து, மழையைக் கொட்டிவிட்டுச் சரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த படத்தில் அதன் காலடியில் தவிட்டு நிறத்தில் ஒரு கோடு. அதற்கடுத்ததில் அந்தக் கோடு தடித்து, ஒரு புழுதிச் சுவராகப் பள்ளத்தாக்கின் குறுக்கே வந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்க மலையில் அது போய் மோதிய இடத்தில், பத்து நிமிடம் கழித்து, வெறும் வானத்தில் புதிதாக ஒரு வெள்ளைத் தலை.

"காலமை எழுதினவர்" என்றாள் துளசி. "ஒரு புயல் விழேக்கை குளிர்காத்து கீழை கொட்டுமாம். அது தள்ளிக்கொண்டு போய் வேறை இடத்திலை இன்னொண்டைக் கிளப்புமாம். அது எங்கை கிளம்புமெண்டு மட்டும் தன்னாலை ஒருநாளும் சரியாச் சொல்ல ஏலாதாம்."

கொஞ்ச நேரம் இருவரும் அதைப் பார்த்தோம்.

"அங்கிள், இவர் ஒவ்வொரு நாளும் 'பிழை'யெண்டு எழுதிறார். உங்களுக்கு அது எப்பிடி இருக்கு?"

"பயமாக்கிடக்கு, பிள்ளை. எங்கடை ஆக்களிலை அப்பிடி ஒருத்தரை நான் கண்டதில்லை."

சிரித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள். "விவாகரத்து முடிஞ்ச அண்டைக்குக் கோர்ட்டாலை என்னை மாமாதான் கூட்டிக்கொண்டு வந்தவர். ஏதாவது சொல்லுவார், சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு வந்தன். கொலியர்ஸ் வூட் தாண்டேக்கை வாயைத் திறந்தவர். 'இந்த நேரத்திலை இவ்வளவு ட்ராஃபிக் இருக்கக் கூடாதே' எண்டார்."

"திருமாறனுக்குச் சொல்லப்போறியோ?"

"சொன்னா இது முறிஞ்சுபோம். அம்மா உடைஞ்சுபோவா. அவவுக்கு நான் இன்னொருக்கா மணவறையிலை இருக்கிறதைப் பாக்கவேணும், அவ்வளவுதான். சொல்லாட்டி…" திரையைப் பார்த்தாள். "சொல்லாட்டி நான் அங்கை போயிருந்து, ஒவ்வொரு நாளும் அவர் தன்ரை பிழையை எழுதிறதைப் பாத்துக்கொண்டிருக்க வேணும். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு, அங்கிள். அதுதான் கரைச்சல். பிடிக்காட்டி மறைக்கலாம்."

நான் என் பங்குக்குச் சொன்னேன், திருமாறனின் தாய் என்னைக் கேட்டாள், நானும் சொல்லவில்லை என்று.

"தெரியும். உங்களோடை எனக்குக் கோவம் இல்லை. ஆர்தான் சொன்னது?"

மன்னித்ததாக எனக்குப் படவில்லை. எழுந்து கோப்பையைக் கழுவப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எட்டு மணிக்கு அவன் எடுப்பதாக இருந்தது. அங்கே மத்தியானம் பன்னிரண்டு. போன் நாகேஸ்வரி வீட்டுக்குத்தானே வரவேண்டும் என்று கேட்கலாம். "பெடியன்ரை இடத்தைப் பாத்துக்கொண்டு கதைக்கிறதுதான் மரியாதை" என்று நடராஜா அண்ணை என் நம்பரைக் கொடுத்துவிட்டார். கோட் போட்டு வந்திருந்தார், முப்பது டிகிரியில். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள். இரு குடும்பங்களின் இணைவு பற்றி ஒரு சிற்றுரை என்றார். துளசி சம்மதமென்று அவர் ஏற்கெனவே முடிவெடுத்தாயிற்று. நாகேஸ்வரி கேசரி கிண்டிக் கொண்டுவந்திருந்தாள்.

திரையில் மலையின் மேல் இரண்டு கோபுரம் எழுந்து ஒன்றாகிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. நடராஜா அண்ணை எடுத்து, ஸ்பீக்கரைத் தானே போட்டு, தாளை விரித்தார்.

"வணக்கம் தம்பி. இந்தச் சந்தர்ப்பத்திலை, இரண்டு கண்டங்களை இணைக்கின்ற—"

"மாமா, நான் கதைக்கிறன்" என்று துளசி போனைக் கையிலிருந்து வாங்கினாள். பறிக்கவில்லை. வாங்கினாள். அவர் அவ்வளவு வியந்துபோனதால் கொடுத்துவிட்டார்.

"நான் துளசி. உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். நான் முதல் கலியாணம் கட்டினனான். ஏழு வருசத்துக்கு முன்னம். பதினாலு மாசம் ஜெர்மனியிலை இருந்தனான். அவருக்கு வேறை குடும்பம் இருந்தது. விவாகரத்து எடுத்தாச்சு. பயோடேட்டாவிலை இருக்கிறது பொய். அது எழுதினது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனான்."

நாகேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும். திரையில் படம் மாறியது. மேகத்தின் நிழல் மலைச்சரிவின் பாதிக்கு வந்திருந்தது. மறுபடி மாறியது; நிழல் பள்ளத்தாக்கில். அவன் அந்த மேகத்துக்குக் கீழேதான் இருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரமாக அதை வெறும் படமாகத்தான் பார்த்திருந்தேன்.

"பயோடேட்டாவை எழுதினது ஆர்?" என்று கேட்டான்.

துளசி மாமாவைப் பார்க்கவில்லை. நாகேஸ்வரியும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் எங்களுக்கு ஆறு வருடப் பயிற்சி.

"நான்தான்" என்றார் நடராஜா அண்ணை. அவருடைய மேடைக்குரல் இல்லை அது. எனக்குப் பழக்கமில்லாத, மெல்லிய ஒரு குரல். "அந்த ஜெர்மனி மாப்பிள்ளையைப் பாத்ததும் நான்தான், தம்பி. நான் சரியா விசாரிக்கேல்லை."

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா அந்தக் காலகட்டத்திலை நிலவிய சூழ்நிலையைக் கருத்திலை கொண்டால்—"

"அண்ணை," என்றாள் நாகேஸ்வரி. "காணும்."

நிறுத்தினார்.

"எனக்கு இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது" என்றான் திருமாறன். "கோவமா இருக்கு. ஆரோடை எண்டு தெரியேல்லை. அம்மாவுக்கு நான் சொல்லவேணும். இஞ்சை இடி கிட்ட வந்திட்டுது, போனை வைக்கவேணும். உண்மையா வைக்கவேணும், சாட்டில்லை." வைத்துவிட்டான்.

கேசரியை ஒருவரும் தொடவில்லை. துளசி மட்டும் ஒரு கரண்டி போட்டுச் சாப்பிட்டாள், பசித்தவள் மாதிரி. நடராஜா அண்ணை தாளை மடித்தார், விரித்தார், பிறகு கோட்டைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒன்பதரை வரைக்கும் போகாமல் இருந்தார், யாருக்கும் எதையும் விளக்காமல்.

திங்கள், செவ்வாய், மெயில் இல்லை. நாகேஸ்வரி என்னிடம் வந்து "ஒருக்காத் திறந்து பாருங்கோ" என்பாள். திறப்பேன். மலை இருக்கும். அவன் இருக்கமாட்டான். துளசி வரவேயில்லை.

புதன்கிழமை மாலை வேலியடியில் அவளைக் கண்டேன். வேலைக்குப் போன உடுப்போடு குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எடுத்தவர்" என்றாள். "மத்தியானம், கவுன்சிலிலை நிக்கேக்கை. அங்கை விடியப்புறம் அஞ்சு மணி. மூண்டு நாளா நித்திரை இல்லையாம்."

"என்னவாம்?"

"தாய் ஏசினவவாம். இப்ப அவரோடை கதைக்கிறா இல்லையாம். அதைச் சொன்னார். பேந்து என்னட்டை ஒரு கேள்வி கேட்டவர்." தொட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அந்தப் பதினாலு மாசத்திலை எனக்குப் பிடிச்சது ஏதாவது இருந்ததோ எண்டு."

அவள் திரும்பி வந்த இத்தனை வருடத்தில் அவளிடம் அப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்டிருப்பார்களா என்று யோசித்தேன். நடக்காத கலியாணத்தைப் பற்றி என்ன கேட்பது?

"நீ என்ன சொன்னனீ?"

"நீந்தப் பழகினனான் எண்டன்." வேலியில் கை வைத்தாள். "வீட்டுக்குக் கிட்ட ஒரு நீச்சல் குளம் இருந்தது, அங்கிள். பகல் முழுக்கத் தனியத்தானே. ஒரு வயசுபோன ஜெர்மன்காரி பழக்கினவ. நல்லா நீந்துவன். திரும்பி வந்தாப்பிறகு இஞ்சை ஒருநாளும் போகேல்லை. 'எங்கை பழகினனீ' எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது? அம்மாவுக்கும் தெரியாது."

"அம்மாவுக்குமோ?"

"ஒருத்தருக்கும். அதைச் சொல்லத் துவங்கி ஒரு மணித்தியாலம் கதைச்சுப்போட்டன். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு, மனேஜர் வந்து பக்கத்திலை நிண்டா. நான் நிறுத்தேல்லை."

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி பத்து நாளுக்கு அரிசோனாவுக்குப் போவதாகச் சொன்னாள். முடிவு சொல்ல இல்லை, பார்க்க. பார்த்தபிறகு அவளும் சொல்வாள், அவனும் சொல்வானாம்.

"தனியவோ? மாமா என்ன சொல்லுறார்?"

"தானும் வரட்டோ எண்டு கேட்டவர். வேண்டாம் எண்டன். 'சரி, பிள்ளை' எண்டிட்டார்." அதை அவளாலேயே நம்ப முடியவில்லை என்று தெரிந்தது. "டிக்கெட்டும் நானே பாத்தன்."

"அந்த வனாந்தரத்திலை எங்கை போய் நீந்துவாய்?"

"கேட்டனான். டவுனிலை ஒரு பப்ளிக் பூல் இருக்காம். இடி முழங்கினால் எல்லாரையும் வெளியிலை ஏத்திப்போட்டு அரை மணித்தியாலம் காக்க வைப்பினமாம்." தொட்டியின் பிடியைத் திரும்பப் பிடித்தாள். "காக்கலாம்தானே. நாளைக்கு வேலையாலை வரேக்கை இறங்கி ஒரு ஸ்விம்சூட் வாங்கவேணும். பழையது ஜெர்மனியிலை."